ஒன்றரை அடியில் ஒரு முகம்

வெறும் சுவரின் முன்னால், ஆளே இல்லாத இடத்தில், கேமராத் திரையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

ஜீவானந்தம் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். கோடு அங்கேயே இருந்தது. கேமரா புது டிஜிட்டல். அதில் மாட்டியிருந்த லென்ஸ் நாற்பது வருடப் பழசு. தானாக ஃபோகஸ் ஆகாது, வளையத்தைக் கையால் திருக வேண்டும். எது துல்லியமாகிறதோ அதன் விளிம்பில் திரை சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை. காற்றுக்கு ஏது விளிம்பு?

இளம்பிள்ளை ஊர்ச் சேலைக் கடைகளுக்குப் படம் எடுப்பது அவன் பிழைப்பு. பதினைந்து வருடமாகச் சேலை கட்டிக்கொண்டு இதே சுவரின் முன் நின்றவள் அவன் மனைவி சாரதாமணி. முந்தானையை முன்னால் நீட்டிப் பிடிப்பாள். அந்த லென்ஸில் நாலு விரல் ஆழம்தான் தெளிவாக விழும், பின்னால் இருப்பதெல்லாம் மங்கிவிடும். அவன் எப்போதும் தெளிவைச் சரிகையில் வைத்தான். விற்பது சேலைதானே. ஒவ்வொரு படத்திலும் அவள் முகம் மங்கலாகக் கிடந்தது.

மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். நாளைக்குக் கருமாதி. மாலை போட ஒரு படம் இல்லை. கல்யாண ஆல்பத்தைச் செல் அரித்துவிட்டது, ஆதார் அட்டையில் இருப்பது வேறு யாரோ. காலையிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களைத் தேடிச் சலித்து, அவள் நின்ற இடத்தையாவது பார்ப்போம் என்றுதான் கேமராவை எடுத்திருந்தான். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம். நினைக்க நினைக்க அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

போன் அடித்தது. மகள் அகல்யா.

"அப்பா, அம்மா படம் கெடச்சுதுங்களா?"

"தேடிட்டிருக்கேன் சாமி."

"இத்தன படம் எடுத்தீங்களே, ஒண்ணுலகூட அம்மா மூஞ்சி தெரியலீங்களா?" அவள் அழுதாள்.

அவன் போனை வைத்தான். பக்கத்து வீட்டுத் தறிகள் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஷட்டரைப் பாதி இறக்கிய அறையில் மத்தியான வெயில் தரையோடு நின்றுவிட, அடுக்கி வைத்த புதுச் சேலைகளின் கஞ்சி வாடைக்கு நடுவே, கடைசி மூன்று நாளும் அவள் நெற்றியில் தேய்த்த தைலத்தின் வாடை மெல்ல மெல்ல ஏறி வந்தது. அவன் வளையத்தைத் திருகினான். கோடு நீண்டு ஒரு சேலையின் ஓரமாக மாறியது. கொசுவம் பிரிந்தது. வளையல். கழுத்து. அதற்கு மேல் கோடே இல்லை.

ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் ஒரே ஒரு படம். பிள்ளைக்கு ஒரே ஒரு படம்.

வளையம் பத்து அடி என்று காட்டியது. இன்னும் திருகினான். சேலை மங்கியது, காது வந்தது, தோடு வந்தது. முகம் வரவில்லை. பதினைந்து வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கொஞ்சம் முன்னால வா, சாரதா."

தறிச் சத்தம் நின்றது.

திரையில் அவள் கலங்கிப் பெரிதானாள். ஏழு அடிக்குத் திருகினான். தோடு. நெற்றி முடி. முகம் இல்லை.

"இன்னுங் கொஞ்சம்."

ஐந்து அடி. மூன்று. தைல வாடை மூக்கில் எரிந்தது. இரண்டு. விரல் வழுக்கியது. ஒன்றரை. வளையம் முட்டி நின்றது. அதற்கு மேல் திருகாது.

கேமராவைக் கண்ணெதிரிலிருந்து இறக்கினான்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். சேலையின் ஒவ்வோர் இழையும் வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. தோட்டுக் கல்லுக்குள் ஜன்னல் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், அவன் எடுத்த படங்களில் கிடந்த அதே மங்கல். கண்ணைக் கசக்கினான். போகவில்லை. அந்த மங்கலில், வாய் இருக்கும் இடம் அசைந்தது.

"ஏனுங்க, இப்பத் தெரியறனுங்களா?"

அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தாள்.