மூடி வைத்த மூன்றெழுத்து

மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் மறுபடி வந்தது. டக் டக் டக். ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருந்தது. பிறகு டக் டக் டக்.

மரபணு ஆய்வுக்கூடத்தில் ஜன்னல் இல்லாத அறை. ரத்த மாதிரிக் குழாய்கள் அடுக்கிய உறைபெட்டிகளின் உறுமலும், ஏசியிலிருந்து இறங்கும் ஈரத்துணி வாடையும், மூக்கைக் குத்தும் ஸ்பிரிட் நெடியும் இருபத்தாறு வருஷமாக அவருக்குப் பழகியவை. இந்தத் தட்டல் மட்டும் புதுசு. மூன்று நாளாகத்தான் கேட்கிறது.

"யாரு அது மேஜையத் தட்டறது? வேலை பாக்கிற இடமா, கச்சேரி மேடையா?"

எதிர்மேஜைக்காரி தலையைத் தூக்கினாள். "நான் இல்ல சார். நீங்கதான்..." என்று ஆரம்பித்தவள் அவர் மேஜையைப் பார்த்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சார்."

அவருக்கு உலகத்தில் இரண்டே வகை ஆட்கள். முட்டாள்கள், தன்னிடம் இன்னும் பேசிப் பார்க்காத முட்டாள்கள். இவள் முதல் வகையில் முதல் ஆள். போயும் போயும், மனிதனின் மரபணு எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிற இடங்களைத்தான் ஆராய வந்திருக்கிறாளாம். மொத்த எழுத்தில் கிட்டத்தட்ட பாதி அப்படித்தான். சில துண்டுகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும். சில, நகல் எடுத்து வீசியது போல ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும். சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளை, அதைப் போய் எவனாவது உட்கார்ந்து கேட்பானா? இவர் வழக்கமே வேறு. வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அந்த இடங்களையெல்லாம் கணினியில் மூடிவிட்டு, மிச்சத்தை மட்டும் படிப்பார். "மொதல்ல குப்பையத் தள்ளு, அப்புறம் படி" என்று எல்லோருக்கும் அதையே ஓதுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பேரே 'குப்பை சார்'. அது அவருக்கும் தெரியும். நாய் குரைத்தால் சூரியனுக்கு என்ன என்று விட்டுவிட்டார்.

"சார், பழைய குழாய்களை எல்லாம் புது மெஷின்ல போட்டு முழு நீளமா படிக்க வெச்சிட்டேன். அதுல ரெண்டு உங்க வீட்டுது," என்றாள் அவள். "ஒண்ணு நீங்க, ஒண்ணு உங்க மகன். அந்த ரெண்டு கோப்பையும் நான் இன்னும் திறக்கல. மூடி வெச்ச இடத்தை நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க."

"எதுக்கு? நான் பாத்து எழுதிக் கொடுத்தது உனக்குப் பத்தலையா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள். மற்றவர்களும் போனார்கள்.

எழுதிக் கொடுத்தது உண்மைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், மருமகள் வந்து நின்றாள். "மாமா, உங்க அப்பாவுக்குக் கடைசில கை காலெல்லாம் தானா ஆடுமாமே. குழந்தை பெத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துச் சொல்லிடுங்களேன்." அப்பா என்கிற அந்த ஆளுக்கு அது குடியால் வந்தது, வேறென்ன. அந்த மனுஷன் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதையெல்லாம் யார் நம்புவது? இருந்தாலும் தன் ரத்தத்தையும் மகன் ரத்தத்தையும் எடுத்து, வழக்கம்போலக் குப்பையை மூடிவிட்டுப் படித்து, ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தார். சுத்தம். அந்த வார்த்தையை நம்பித்தான் ஒரு பேத்தி பிறந்தாள். இப்போது மருமகளுக்கு இரண்டாவது, ஆறாம் மாதம்.

டக் டக் டக்.

ஆளில்லாத அறையில் இன்னும் தெளிவாகக் கேட்டது. உறைபெட்டியில் காது வைத்தார். அது இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். குனிந்தபோது நின்றது, நிமிர்ந்து உட்கார்ந்ததும் வந்தது.

சரி, இவள் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டுச் சாப்பிடப் போவோம் என்று கோப்பைத் திறந்தார். கை கால் தானாக ஆடும் அந்தப் பரம்பரை வியாதிக்கு எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். படித்த மனுஷன் அல்லவா. அந்த இடத்தில் மூன்றே எழுத்து. சி, ஏ, ஜி. நல்ல உடம்பில் அது ஏறக்குறைய இருபது தடவை வரும். நாற்பதைத் தாண்டினால் தப்ப முடியாது. அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது வரிசை நீளவும் செய்யும். நீள நீள, வியாதி சின்ன வயதிலேயே வரும்.

மூடியை எடுத்தார்.

சிஏஜி சிஏஜி சிஏஜி. திரையில் ஒரு வரி நிறைந்தது. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. விரலை வைத்து எண்ணினார். தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடி எண்ணினார்.

அவருக்கு நாற்பத்து நான்கு.

மகனுக்கு அறுபத்தொன்று.

டக் டக் டக்.

இந்தச் சத்தத்தை அவர் எங்கே கேட்டிருக்கிறார்? இரும்புக் கட்டில். அப்பாவின் சுட்டுவிரல். ராத்திரி பூரா. "தாளம் போட்டது போதும், தூங்குய்யா" என்று பெற்றவனைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

மெதுவாகக் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார்.

விரல் தானாக எழுந்தது. மூன்று தட்டு. நின்றது.

கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பயமாக இருந்தது. வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. விரல் அடங்கியது.

சத்தம் அடங்கவில்லை.

போனிலிருந்துதான் வந்தது. எப்போது அடித்தது, எப்போது இடது கை அதைத் தொட்டது, தெரியவில்லை. போன் திரையில் மருமகள் சிரித்தாள்.

"மாமா, இங்க பாருங்க உங்க பேத்திய. காலைலேருந்து இதே வேலை. யாரும் சொல்லிக்கூடக் கொடுக்கல."

உயர நாற்காலியில் குழந்தை. அதன் குட்டி விரல் பலகையில். டக் டக் டக். குழந்தை சிரிக்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னால் சாப்பாட்டு மேஜையில் மகன், தலை குனிந்து எதையோ படித்துக்கொண்டு. அவன் விரலும். அதே நேரத்தில்.

தொடைக்கு அடியில் அவர் விரல் விழித்துக்கொண்டது.

"மூடு..." என்றார்.

"என்ன மாமா, கேக்கல. இருங்க, இதையும் பாருங்க. நல்லவேளை நீங்க சுத்தம்னு எழுதிக் கொடுத்தீங்க, இல்லன்னா எனக்கு இந்த தைரியமே வந்திருக்காது." போனைக் கீழே இறக்கி வயிற்றின் பக்கம் பிடித்தாள். "இதுவும் அக்காவோட சேந்துக்கிச்சு."

நீலத் துணி, இறுக்கமாக, மேடாக. அசைவில்லாமல் இருந்தது.

பிறகு துணிக்கு அடியிலிருந்து, விரல் நுனி அளவுக்கு, ஏதோ ஒன்று எழும்பித் தாழ்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.