கன்னத்து நிறம்

கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் நிறம் போடுகிறவர் என்பதால் அவரைக் கலர்காரர் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். வழக்கமாகப் படங்கள்தான் அவருடைய கடையைத் தேடி வரும். இந்த அம்மாள் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார்.

"படம் வாசப்படி தாண்டாது தம்பி. நீங்கதான் வரணும்."

வேண்டாவெறுப்பாக லேப்டாப்பையும் ஸ்கேனரையும் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் ஆகவில்லை, அதற்குள் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. பல வருஷம் மடித்தே கிடந்த துணியின் வாடை அடித்தது. படத்தில், நாற்காலியைப் பிடித்தபடி ஒரு சிறுமி நின்றிருந்தாள்.

"எம் பொண்ணு," என்றார் அம்மாள். "படம் எடுத்த மறுநாளே போயிட்டா."

நிறம் போடத் தொடங்கியதும் கவுன் சொன்னபடி கேட்டது. நாற்காலியும் திரைச்சீலையும் அப்படித்தான். முகம் மட்டும் மசியவில்லை. எந்த நிறத்தை வைத்தாலும் கன்னம் அதைக் குடித்துவிட்டுச் சாம்பலாகவே நின்றது. கலர்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

இப்படிப் படம் சண்டித்தனம் செய்தால் அவரிடம் ஒரு குறுக்கு வழி உண்டு. உயிரோடு இருக்கிற யாருடைய கலர் போட்டோவையாவது பக்கத்தில் திறந்து, கன்னத்தைத் தொட்டு நிறத்தை எடுத்து, பழைய முகத்தில் வைத்துவிடுவார். சட்டென்று கையில் கிடைத்தது அவர் மகளின் போட்டோதான். வெயிலில் ஆடிவிட்டு வந்து, கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தம்பி?"

"எங்க பாப்பா."

அம்மாள் குனிந்து பார்த்தார். "எடுத்துக்கலாமா?"

"அதுக்கென்னம்மா, தாராளமா எடுத்துக்கோங்க."

ஏதோ வாய் உபசாரத்துக்குச் சொன்னார். மவுஸை அழுத்தினார்.

ஒட்டிக்கொண்டது.

சிறுமியின் கன்னத்தில் ரத்தம் ஏறுவது போலச் சிவப்பு பரவியது. அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்போதுதான் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, பாப்பா மூஞ்சி சாம்பல் மாதிரி ஆயிருச்சு. கையெல்லாம் ஐஸா இருக்கு. ஓடி வாங்க."

போட்ட நிறத்தை நீக்க அவசரமாக அன்டூவை அழுத்தினார். நிறம் போகவில்லை. ஃபைலையே அழித்தார்.

மேஜைமேல் இருந்த காகிதப் படத்திலும் கன்னம் சிவந்திருந்தது.

அதைக் கிழிக்க எடுத்தார். ஓரம் லேசாகக் கிழிந்ததுமே போனில் மகள் வீறிட்டாள். கை தானாக விட்டுவிட்டது.

"அம்மா, உங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன். திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்க. வேணும்னா எங்கிட்டேருந்து எடுத்துக்கட்டும்."

அம்மாள் படத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "முத்தின மொகம் அவளுக்கு ஒத்து வராது தம்பி. இத்தன வருஷம் எம் பொண்ணு வெளுத்துப்போய் நின்னா. ஊர்ல யாருக்கு வலிச்சுது?"

பிறகு, மெதுவாக, "கண்ணுக்குத்தான் இன்னும் போடல."

கலர்காரர் லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். மகள் கட்டிலில் கிடந்தாள். உதடு, நகம், காது மடல் எல்லாம் ஒரே சாம்பல். கண்கள் மட்டும் கருகருவென்று அவரையே பார்த்தன. டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றாள் மனைவி. அவர் குழந்தையை வாரி மடியில் போட்டுக்கொண்டார். பெற்ற பிள்ளையை வாய் தவறி யாரோ ஒருத்திக்குத் தானம் கொடுத்த பாவி என்று தன்னையே சபித்துக்கொண்டார்.

"அப்பா," என்றாள் மகள், குரலே இல்லாமல். "ஒரு அக்கா வந்திருக்கா."

"எங்கம்மா?"

"உங்க பின்னாடி. கண்ணும் வேணுமாம். நான் தரமாட்டேன்னேன். உங்க அப்பாதான் எடுத்துக்கச் சொன்னாருங்கறா. நெஜமாப்பா?"

அவர் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிடரியில் பழைய துணியின் வாடை மூச்சாக வந்து மோதியது.

"நெஜமாப்பா?"

"இல்லம்மா," என்றார்.

மகள் அவர் முகத்தைக் கையால் தடவித் தேடினாள்.

"ஏம்ப்பா லைட்டை அணைச்சீங்க?"