சோப்பின் மேல் ஒரு கோடு

வெள்ளை சோப்பின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. சோப்பில் இல்லை, படத்தில் மட்டும்.

அவள் விளம்பரங்களுக்குப் புகைப்படம் எடுப்பவள். நீலப் பிளாஸ்டிக் டப்பாவில் வரிவரியான மேடுகள், அவற்றின் மேல் சாய்வாக ஒரு வெள்ளை சோப்பு. கோடும் நிறமும் போதும், பூவும் புடவையும் எதற்கு என்று வாதாடித்தான் கம்பெனிக்காரரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவர் அனுப்பிய இரண்டு சோப்பில் ஒன்று மேசையில், ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. மற்றதைக் கணவன் பிரித்து, மகளைக் குளிப்பாட்ட எடுத்துப்போயிருந்தான். தண்ணீர் கொட்டும் சத்தமும், அந்த நாலு வயசு வாலின் கெக்கெக்கே சிரிப்பும் குளியலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தன.

பளபளப்பு வரட்டும் என்று வழக்கம்போல சோப்பை நனைத்து, உள்ளங்கையில் உருட்டி வைத்துவிட்டு மறுபடி படம் எடுத்தாள். இப்போது மூன்று கோடுகள். வெள்ளையில் லேசாகப் பழுப்பும் ஏறியிருந்தது.

“கேமராவும் மக்கர் பண்ண ஆரம்பிச்சாச்சா?” என்று முணுமுணுத்தபடி நிறத்தைச் சரிசெய்து பார்த்தாள். பழுப்பு போகவில்லை. திரையில் பெரிதாக்கினாள். கோடுகளுக்கு நடுவே பொடிப்பொடியாகத் துவாரங்கள். ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப் பசையாக எதுவோ கசிந்துகொண்டிருந்தது. ஒன்றிரண்டில் மயிர் முளைத்திருந்தது.

சோப்பை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பல நாள் கட்டுப் போட்ட புண்ணைப் பிரித்தால் அடிக்குமே, அந்த வீச்சம் அதிலிருந்து வந்தது. சீ! உதறினாள். விழவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டு பிசின் மாதிரி இழுபட்டு, பிறகுதான் சப்பென்று தரையில் விழுந்தது.

அருவருப்பில் கையைச் சட்டையில் தேய் தேய் என்று தேய்த்துவிட்டுப் பார்த்தாள். உள்ளங்கையில் ஆயுள் ரேகை இல்லை. எந்த ரேகையும் இல்லை. வழவழவென்று, ஒரே வெள்ளையாக இருந்தது.

குளியலறையில் சிரிப்பு நின்றிருந்தது.

“என்னங்க! பாப்பாவுக்கு அந்த சோப்பைப் போடாதீங்க!”

“ஏம்மா கத்துற? நுரை சூப்பரா வருது. மூஞ்சில போட்டதும் உன் பொண்ணு கப்சிப்!”

ஓடினாள். ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். கதவைத் தள்ளினாள்.

மகள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க நுரை. இரண்டு பிஞ்சுக் கைகளும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன.

“இதோ, அவ்வளவுதான் கண்ணு” என்று சொல்லிக்கொண்டே அவன் தண்ணீரை ஊற்றினான்.

நுரை வழிந்தது.

புருவம் இல்லை. கண் இல்லை. உதடு இல்லை. வெறும் வெள்ளை. வழவழப்பு.

சொம்பு உருண்டது. கணவனின் வெளுத்த கையில் இருந்த சோப்பில் சிவப்பாக ஒரு கோடு. அது மெல்லத் திறந்தது. உள்ளே, வரிசையாகப் பால்பற்கள். நுரையைத் துப்பிவிட்டு அது பேசியது.

“அம்மா, கண்ணு எரியுதும்மா.”