அரசியின் வாய்

பஞ்சுக்குச்சியில் மெழுகு வாடை அடித்தது. அந்த அறையில் மெழுகே கிடையாது. ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்து வேலையறை. ஸ்பிரிட்டும் எண்ணெயும் பழைய துணியும் கலந்த நெடி சுவரிலேயே ஊறிப்போயிருக்கும். அந்த நெடியையும் தாண்டிக்கொண்டு, இப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாடை அவள் நாக்கிலிருந்தே கிளம்பியது.

பழைய ஓவியங்களைத் துடைத்துச் சீராக்குவது அவள் தொழில். எந்த மருந்துக்கும் மசியாத அழுக்கு சில சமயம் மனித எச்சிலுக்கு மசிந்துவிடும். பஞ்சுக்குச்சியை வாயில் நனைத்து, படத்தின்மேல் உருட்டி, தூக்கிப் போட்டுவிட்டு வேறு குச்சி எடுக்க வேண்டும். படத்தைத் தொட்ட குச்சி மறுபடி வாய்க்குப் போகக் கூடாது. தொழிலில் முதல் பாடமே அதுதான். அருங்காட்சியகத்தில் அவளுக்கு எச்சில் டாக்டர் என்று பட்டப்பெயர். சூட்டியவர் மேல்தளத்தில் படங்களுக்குச் சட்டம் அடிக்கும் தச்சர்.

அன்றைக்கு அந்த முதல் பாடத்தையே மறந்தாள். கை இங்கே, மனசு வீட்டில். நான்கு வயதாகியும் அவள் மகள் சிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னதைச் செய்கிறாள், விழுந்து விழுந்து சிரிக்கிறாள், அதுவும் சத்தமில்லாமல். "உங்க வாயைப் பாத்துத்தான் கத்துக்குவா. நீங்க என்ன செஞ்சாலும் அதையே செய்யணும்னு பழக்குங்க" என்றிருந்தார் மருத்துவர். அன்றிலிருந்து மாலைதோறும் தாயும் மகளும் எதிரெதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நேற்று சிட்டு முதல்முறையாக உதட்டைக் குவித்துக் காற்றை ஊதினாள். அதை நினைத்துச் சிரித்தபடியே, துடைத்த குச்சியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" தச்சர் கதவருகே நின்றார்.

"இங்க யாராச்சும் மெழுகு உருக்கினாங்களாண்ணே?"

அவர் சிரிக்க வாயைத் திறந்தார். மேசைமேல் கிடந்த படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தம்மாகிட்ட போயி மெழுகுப் பேச்சு பேசறியே" என்று சொல்லி, அளவெடுக்க வந்ததையும் மறந்து மாடியேறிப் போய்விட்டார்.

படத்தில் இருந்த அரசியின் கதை அவளுக்கும் தெரியும். விளக்கை வணங்குகிற வீட்டில் பிறந்து, ஊற்றை வணங்குகிற அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் செத்தபின் சின்ன மகனை மடியில் வைத்துக்கொண்டு நாடாண்டாள். விளக்குக்காரர்கள் எங்கள் பெண் என்றார்கள், ஊற்றுக்காரர்கள் எங்கள் மருமகள் என்றார்கள். பஞ்சம் வந்தபோது இரண்டு தரப்பு மடங்களின் களஞ்சியத்தையும் உடைத்து ஊருக்குச் சோறு போட்டாள். அதோடு உறவு முறிந்தது. எது பொய்த் தெய்வம் என்று சபையில் சொல் என இருபுறமும் நெருக்கினார்கள். "இரண்டுக்கும் என் வீட்டில் இடமிருக்கிறது, உங்களுக்குத்தான் போதவில்லை" என்றாள். எலியும் பூனையுமாக இருந்தவர்கள் அந்த ஒரு காரியத்துக்காக ஒன்று சேர்ந்தார்கள். பட்டப்பகலில், மகன் பார்க்க, விளக்குக்காரர்கள் மெழுகைக் காய்ச்சி அவள் வாயில் ஊற்றினார்கள். ஊற்றுக்காரர்கள் தண்ணீர் விட்டு அதை இறுக வைத்தார்கள். மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். பெயர் பாதியில் நின்றதாம். பிறகு அவள் படத்திலும், பேசத் திறந்திருந்த வாயின்மேல் மூடிய உதடுகளை யாரோ தடித்த சாயத்தால் தீட்டிவிட்டார்கள்.

அந்தப் பொய் உதடுகளைத்தான் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், இன்றைக்காவது வாயைத் திறக்கட்டும் என்று நிஜமாகவே நினைத்தாள். கடைசிப் படலம் உருண்டு வந்தது. அடியில் கருப்பு. பற்களின் நுனி. நாக்கின் ஈரம்.

ஈரமா? விரலால் தொட்டாள். விரல் நனைந்தது.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. நாக்கின் அடியில் வெதுவெதுப்பாக ஏதோ ஊறி, கன்னங்களின் உள்பக்கம் படர்ந்து, அங்கேயே குளிர்ந்தது. பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் மெதுவாக, ஆசையாக, யாரோ ஒரு பையனைக் கூப்பிட்டாள்.

அது அவளுடைய சொந்தக் குரல்.

பேருந்தில் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். "பல்வலியாம்மா? கிராம்பை வச்சுக் கடிங்க" என்றார் நடத்துனர். தலையாட்டினாள். கைக்குட்டைக்கு அடியில் விரலால் உதடுகளைத் தேடினாள். மேலுதடு இருந்தது. கீழுதடு இருந்தது. இரண்டுக்கும் நடுவே நகம் நுழையவில்லை. சிட்டுவிடம் எப்படிப் பேசுவேன்? அந்த ஒரு பயம்தான் அவளுக்கு. தன் உயிரைப் பற்றிக்கூட நினைக்கத் தோன்றவில்லை.

வீட்டில் கணவன் கதவைத் திறந்தான். வெளிச்சம் இன்னும் மங்கவில்லை. முகமெல்லாம் பூரிப்பு அவனுக்கு. "உன் பொண்ணப் பாரு. அவளே முக்காலி போட்டு உக்காந்து ஒரு மணி நேரமா உனக்காகக் காத்துட்டிருக்கா. சீக்கிரம் வா."

சிட்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். தாயைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் ஏதோ உருண்டது. "அ..."

சத்தம். முதல் சத்தம்.

"கேட்டியா! கேட்டியா!" கணவன் குதித்தான். "சிட்டு, அம்மாவப் பாரு. அம்மா செய்யறதையே செய்யணும், சரியா?"

வேண்டாம் என்று கத்தினாள். நெஞ்சுக்குள்தான் கத்தினாள். கைக்குட்டை நழுவி விழுந்தது. கணவன் குழந்தையின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிட்டு பார்த்தாள். உன்னிப்பாகப் பார்த்தாள். 'அ' நின்றது. வாய் மூடியது.

இல்லை கண்ணே. இதைச் செய்யாதே. தலையை வேகமாக ஆட்டினாள்.

சிட்டுவும் தலையை ஆட்டினாள்.

இரண்டு கையாலும் வாயை மறைத்தாள்.

சிட்டுவும் மறைத்தாள்.

"சபாஷ்!" என்றான் கணவன்.

அறையில் மெழுகு வாடை. கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் பார்ப்பாள். ஆனால் குழந்தை மூச்சுக்குத் திணறுகிறாளோ? கழுத்து நரம்பு புடைக்கிறதே. கையை எடு, சிட்டு. எடுத்துவிடு.

அவள் தன் கையை எடுத்தாள்.

சிட்டுவும் எடுத்தாள். மூக்குக்குக் கீழே வழவழவென்று, மஞ்சள் கலந்த வெள்ளையாக, ஒரு கோடுகூட இல்லை. அதற்கு மேலே இரண்டு கண்கள், அம்மா செய்ததை அப்படியே செய்துவிட்ட சந்தோஷத்தில் மின்னிக்கொண்டிருந்தன.