சாட்சி நேரத்தில் ஸ்ரெல்லா

ஐப்பசி மழை. கொக்குவிலில் பஸ் நின்றதும் நீளமான மூங்கில் வில் ஒன்று முதலில் ஏறியது; ஆள் பிறகுதான் ஏறினான். ஏறிய வேகத்தில் வில்லின் நுனி ஸ்ரெல்லாவின் பின்னலில் மாட்டிக்கொண்டது.

"ஆ...! உதென்ன, வேட்டைக்கோ வெளிக்கிட்டியள்?"

"ஓம்... ஆனால் பின்னலைப் பிடிக்கிற எண்ணம் இருக்கேல்லை."

நனைந்த இமைகளுக்குள் அவன் கண்கள் சிரித்தன. கோபப்படத்தான் நினைத்தாள்... வரவில்லையே! மானிப்பாய் வருவதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. பெயர் சோமசேகரம். நல்லூர்ச் சைவக் குடும்பத்துப் பிள்ளை, இயேசுவை ஏற்றதால் வீட்டை விட்டவன். அவளுடைய சபைக்கே வாலிப ஊழியனாக வருகிறான். வில்லுப்பாட்டில் சுவிசேஷம் சொல்லப் போகிறானாம்!

அன்றிலிருந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஸ்ரெல்லா ரீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது.

சபையில் தனிப்பாட்டு என்றைக்கும் அவளுடையதுதான். ஆனால் சோமசேகரம் நாகேஸ்வரியைக் கூட்டி வந்தான். ஊர் ஒதுக்கி வைத்த கூலிக் குடியிருப்புப் பெண், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவள்.

"நல்ல சமாரியன் பாட்டை நாகேஸ்தான் படிக்கப்போறா."

நாகேஸாம்! செல்லப்பெயர் வேறு! அவள் பாட, அவன் கண்மூடித் தலையாட்ட... ஸ்ரெல்லா பாட்டுப் புத்தகத்தைப் படாரென்று மூடினாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் ஒரே குடையில் வந்தார்கள். நாகேஸ்வரி பாட்டுக்குழுவினர் இருக்கும் நீள வாங்கில் ஸ்ரெல்லாவின் பக்கத்தில் அமர்ந்தாள். ஸ்ரெல்லா வெடுக்கென்று எழுந்து மறுகோடியில் போய் இருந்தாள்.

அது அறுபத்தெட்டாம் ஆண்டு. தேத்தண்ணிக் கடையிலும் கோயில் வாசலிலும் ஒடுக்கப்பட்ட சாதியார் சமத்துவம் கேட்டு அடிபட்டுக்கொண்டிருந்த காலம். அப்படி ஒருத்தி எழுந்தால் ஊர் ஒரே அர்த்தத்தைத்தான் எடுக்கும். நாகேஸ்வரியின் தலை குனிந்தது. அன்று பாட்டு எழவில்லை. சோமசேகரம் ஸ்ரெல்லாவைப் பார்த்த பார்வையில் சிரிப்பே இல்லை.

சபை மூப்பரான அவளுடைய அப்பா செபநாயகத்துக்கோ பெருமை தாங்கவில்லை.

"கெட்டிக்காரி பிள்ளை! நான் வாயாலை சொல்லேலாததை நீ செய்து காட்டிப்போட்டாய்."

ஐயோ... அதற்காகவா எழுந்தாள்? கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவன் மனதில் அவள் செத்தவள்தான்.

மறுநாள் சைக்கிளில் சேறு தெறிக்க நாகேஸ்வரியின் குடிசைக்கே போனாள். தண்ணீர் கேட்டாள்.

"எங்கடை செம்பிலையோ, ரீச்சர்?"

வாங்கிக் குடித்தாள். பிறகு மூச்சுவிடாமல் சொன்னாள். "எனக்குப் பொறாமை. அவரிலை விருப்பம்... அதுதான் எழும்பினனான்."

"அந்த மனுசனிலையோ!" நாகேஸ்வரி சிரித்துவிட்டாள். "எனக்கு வாற தையிலை பரமலிங்கத்தோடை கலியாணம்." பிறகு அவள் முகம் மாறியது. "ஆனால் ரீச்சர், என்னத்துக்கு எழும்பினாலும் எனக்கு நொந்தது ஒண்டுதான். சபைக்கு முன்னாலை எழும்பினியள். சபைக்கு முன்னாலை எனக்குப் பக்கத்திலை வந்து இருங்கோ."

ஞாயிறு வந்தது. ஸ்ரெல்லா நாகேஸ்வரியை ஒட்டி அமர்ந்தாள். சபையார் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லும் சாட்சி நேரத்தில் அவளும் எழுந்தாள்.

"போன கிழமை நான் எழும்பினது சாதி பாத்தில்லை. பொறாமையாலை. சோமசேகரத்திலை எனக்கு விருப்பம். அந்தப் பொறாமையாலை ஒரு சகோதரியின்ரை தலையைக் குனிய வைச்சிட்டன். சாதி எண்டு நினைச்சு என்னை மெச்சினியள்... அதுதான் எனக்கு எல்லாத்திலும் பெரிய வெக்கம்."

செபநாயகம் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நாகேஸ்வரி மெல்ல அவள் கையைப் பற்றினாள்.

சோமசேகரம் எழுந்தான்.

"எனக்கும் ஒரு சாட்சி இருக்கு. ஸ்ரெல்லாவை மனசிலையிருந்து எடுத்துப்போடும் ஆண்டவரே எண்டு ஒரு கிழமையா முழங்காலிலை நிண்டனான்..."

"எடுத்தாரோ?" ஸ்ரெல்லா மெல்லக் கேட்டாள்.

"இல்லை... நான் கேட்டதை அவர் காதிலையே விழுத்தேல்லை."