எபனேசரின் மூன்று பெருக்கிகள்

செவ்வாயில் கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்போடு பிராணவாயுக் குப்பியையும் கழற்றி வைத்துவிட்டு, காதுக்குள் இருக்கும் செவிமணியை மண்டபத்தோடு இணைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. அன்று எபனேசர் மட்டும் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளே போனவை எண்ணூறு காதுகள்.

தங்கை ரூபவதியின் மகளுக்குக் கல்யாணம். தங்கள் வீட்டு விசேஷத்தில் தாங்களேதான் கித்தார் வாசிப்பது, வெளியாள் வைப்பதில்லை என்று சம்பந்தியிடம் தலைநிமிர்ந்து சொல்லியிருந்தார். நான்கு தலைமுறை வழக்கம், பொய்யில்லை. ஆனால் அவருடைய இடது மோதிரவிரல் ஆறு மாதமாக மடங்க மறுத்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கித்தாரின் ஒலியைக் கூட்டித்தரும் பெருக்கி அதை மறைத்துவிடும் என்று நம்பி, கல்யாணத்துக்கு முன்பே முதலில் ஒரு திருத்துப்பெருக்கியை வரவழைத்தார். தப்பான சுரம் வெளியே வருவதற்குள் அது சரிசெய்துவிடும். சுத்தமாகத்தான் வந்தது. பாட்டு முடிந்ததும், செவ்வாய்க் குடியிருப்புச் சட்டப்படி, "நாற்பத்தோரு பிழைகள் திருத்தப்பட்டன" என்று உரக்க அறிவித்தது. அன்றே திருப்பி அனுப்பினார்.

அடுத்தது நினைவுப்பெருக்கி. விரலை நம்பாமல், மனத்தில் ஓடுவதைச் செவிமணி வழியாக எடுத்து ஒலிக்கும். ஒத்திகையின் நடுவே அவருக்குப் பந்தியைப் பற்றிய யோசனை வந்தது. "அரிசி இன்னும் ரெண்டு படி போட்டிருக்கலாமோ" என்று பெருக்கி அவர் குரலிலேயே கேட்டது.

ரூபவதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அண்ணே, பேசாம வெளியாள் வச்சிருவமா?"

"நான் உசுரோட இருக்கும்போதா?"

கடைசியில், பாட்டனார் பூமியிலிருந்து கொண்டுவந்த வால்வு பெருக்கியைத் துடைத்து எடுத்தார். சூடாக நேரம் பிடிக்கும், உறுமும், எதையும் மறைக்காது. தப்பு வந்தால் வரட்டும். ஒரு பெட்டி அதை எண்ணிக்காட்ட வேண்டாம்.

கல்யாண மேடையில், மூன்றாம் பாட்டில், சுரங்கள் வேகமாக இறங்கும் இடத்தில் விரல் கைவிட்டது. கட்டுத்தறியில் கன்று கத்தியதுபோல ஒரு சுரம் மண்டபத்தை நிறைத்தது. எபனேசர் கண்ணை மூடிக்கொண்டு எப்படியோ முடித்தார். திறந்தபோது மண்டபமே கைதட்டியது. சம்பந்தி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அந்த மூணாவது பாட்டு இருக்கே, அப்படியே உருகிட்டேன்."

ஆறு மாதப் பாரம் இறங்கியது. பெருக்கியைக் கழற்ற வந்த மண்டப எந்திரனிடம், சத்தம் எப்படி இருந்தது என்று மெல்ல விசாரித்தார்.

"யாரும் கேட்கவில்லை ஐயா. நீங்கள் தொடங்கியதுமே எல்லாரும் வெளிச்சத்தம் கேட்காதபடி செவிமணியை மூடிக்கொண்டு, ஒருவரோடொருவர் அதன் உள்தடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் கைதட்டச் சொல்லி நான்தான் குறிப்பு அனுப்பினேன். எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான்."

எபனேசர் கித்தாரை உறையில் போட்டார். ஊர்க் கல்யாணம் ஒவ்வொன்றிலும் அவர் செய்துவந்ததும் அதேதான். கித்தார்க் குடும்பத்தான் கண்ட பாட்டையும் கேட்க வேண்டியதில்லை என்று, அதைத் தனக்கு மட்டும் உரிய சலுகையாக அவர் நினைத்திருந்தார்.

மேடையில் மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமிப் பாடத் தொடங்கினார். எபனேசர் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். செவிமணியை மூடினார். உள்தடத்தில் தங்கையைக் கூப்பிட்டு, "பிரியாணி போதும்லா?" என்று கேட்டார்.

குறிப்பு வந்ததும் எல்லாருக்கும் முந்திக் கைதட்டியவர் அவர்தான்.