மேல்காது

இடது காதருகே வந்ததும் மெட்டல் டிடெக்டர் கத்தியது.

ஜெயப்ரியா பலகைமேல் கைகளை விரித்தபடி அப்படியே நின்றாள். காலை ஆறு மணி ஷிப்டுக்கு வரும் பெண்களைப் பச்சைத் திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக நிறுத்திச் சோதிப்பது ஓசூரில் அந்தக் கம்பெனியின் அன்றாட வழக்கம். செல்போனுக்கான பாகங்கள் செய்கிற இடம் என்பதால் குண்டூசி கூட உள்ளே போகக்கூடாது, வெளியே வரவும் கூடாது. கட்டிக்கொடுத்த பெண்கள் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடுதான் வருவார்கள். ஜெயப்ரியாவுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. மேல்காதில் குத்திய துளை தூர்ந்துவிடக்கூடாது என்று தோட்டைக் கழற்றிவிட்டு, துடைப்பத்திலிருந்து ஒடித்த ஈர்க்குக் குச்சியைச் செருகியிருந்தாள். உடம்பில் வேறு ஒன்றும் கிடையாது.

"என்னா கண்ணு வெச்சிருக்க காதுல?" செக்யூரிட்டி அற்புதமேரி குனிந்து பார்த்தாள்.

"குச்சிதான்க்கா. நீங்களே பாருங்க."

குச்சியை ஒட்டித் துவரம்பருப்பளவுக்குச் சிவந்த கட்டி ஒன்று பளபளத்தது. அற்புதமேரி முகத்தைச் சுளித்தாள். "நாலு மாசமா இத வெச்சிக்கினு திரியற. வரப்போற மாமியா சொன்னான்னு காதக் குத்திக்கின இல்ல? பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான ஆவணும்! மிஷினுக்குத்தான் வயசாயிருச்சு, நீ போ."

இருவரும் சிரித்தார்கள். அது திங்கட்கிழமை.

வேப்பனப்பள்ளிக்காரி ஜெயப்ரியாவுக்கு இருபத்தொன்பது வயது. ஒரு முறை நிச்சயமாகி முறிந்த கல்யாணம், அதன் பிறகு ஊர்வாய். எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓசூருக்கு வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தவளுக்கு சிவராஜின் ஜாதகம் வந்தது. மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அவனுடைய முதல் மனைவி நாகவேணி காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பைக்கில் வந்து, அதிகம் பேசாமல், அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மனுஷனை ஜெயப்ரியாவுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் தாரம் என்பதுகூடக் குறையாகப் படவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஒப்பவில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டாவதாக வருகிறவள், செத்துப்போன மூத்தவள் பேரில் பொட்டு என்கிற சின்னத் தங்க வில்லை ஒன்றைத் தாலியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். மூத்தவள் கோபித்துக்கொள்ளக் கூடாதாம்.

"செத்தவங்கள கழுத்துல மாட்டிக்கினு என்னால குடும்பம் நடத்த முடியாது" என்று நேருக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவனோடு அவளாகவே வாழ வேண்டும், இன்னொருத்தியின் மிச்சமாக அல்ல. ஆசைப்பட்டது அதைத்தான்.

சிவராஜின் அம்மா ருக்மணி சண்டை பிடிக்கவில்லை. "சரி கண்ணு, பொட்டு வேணாம். இடது மேல்காது மட்டும் குத்திக்க. எங்க வூட்டுக் கொப்பு ஒண்ணு இருக்குது, அதப் போட்டுக்கினு மணையில உக்காந்தா போதும்" என்றாள். கழுத்துக்குத் தப்பித்தோமே என்று ஜெயப்ரியா சந்தோஷமாகப் போய்க் குத்திக்கொண்டாள்.

ஆனால் காது ஆறவில்லை. மூன்றாவது வாரம் துளையோரம் மிளகளவு எழும்பிய கட்டி, உப்புத் தண்ணீர் ஒற்றினால் இரண்டு நாள் வற்றும், மூன்றாம் நாள் முன்னைவிடப் பெரிதாக நிற்கும். குருத்தெலும்பு ஆற மாதக்கணக்காகும், திருகாதே, தொடாதே, அந்தப் பக்கம் படுக்காதே என்று குத்திவிட்ட பெண் சொல்லியிருந்தாள். ஹாஸ்டலில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஜெயப்ரியா எல்லாவற்றையும் செய்துபார்த்தாள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

செவ்வாய்க்கிழமையும் டிடெக்டர் காதில் கத்தியது. பிறகு முகத்தின் குறுக்கே வந்தபோது இன்னொரு முறை. இடது மூக்கில்.

"மூக்குக் குத்தியிருக்கியா?"

"இல்லக்கா."

அற்புதமேரி டிடெக்டரைத் தன் கைக்கடிகாரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். கத்தியது. வெறும் சுவரில் வைத்தாள். கத்தவில்லை. இந்தத் தடவை இருவருமே சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் ஹாஸ்டல் அறையில், இரவு ஷிப்டுப் பெண்கள் தூங்குவதற்காக ஜன்னலில் போர்வை கட்டியிருந்த அந்தப் புழுக்கமான இருட்டில், ஈரத்துணி வாடைக்கும் ஃபேன் கிறீச்சிடும் சத்தத்துக்கும் நடுவே, குத்தாத காதைத் தலையணையில் பதித்து ஜெயப்ரியா படுத்திருந்தாள். கட்டி சூடாக இருந்தது. நாடி துடிப்பதைப் போல அதற்குள் என்னவோ துடித்தது. தலையைத் திருப்பியபோது, மேல்காதுக்குப் பக்கத்தில், மிக மெதுவாக, உலோகத்தில் உலோகம் உரசும் சத்தம் கேட்டது. காதிலிருந்து கூந்தலுக்கு இழுத்து மாட்டிய மாட்டல் ஆடினால் வருமே, அந்தச் சத்தம். கையால் தடவினாள். குச்சி மட்டும்தான் இருந்தது. மறுபடி தலையைத் திருப்பப் பயந்து, கழுத்து மரத்துப்போகும் வரை அப்படியே கிடந்தாள்.

புதன்கிழமை காதில், மூக்கில், அப்புறம் நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, தாலி வந்து தொங்குகிற இடத்தில் கத்தியது.

அற்புதமேரி சட்டைக்குள் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. "வெள்ளிக்கெழமையும் இப்பிடியே கத்துச்சுன்னா நான் எழுதி மேல அனுப்பித்தான் ஆவணும். கோச்சிக்காத கண்ணு. எனக்கே என்னவோ மாரி இருக்குது."

ஷிப்டு முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் ஓரமாக நின்று ருக்மணிக்குப் போன் போட்டாள்.

"காது ஆறலீங்கத்த. கட்டி பெருசாகிக்கினே போவுது."

"அவளுக்கும் அப்பிடித்தான் கண்ணு இருந்திச்சு" என்றாள் ருக்மணி, சாவகாசமாக.

"யாருக்கு?"

"நாகவேணிக்கு. கொப்புப் போட்ட காது வீங்கி, சதை வளந்து திருகாணியவே மூடிக்கிச்சு. செத்தப்ப மூக்குத்தி, மெட்டி, வளையலு எதையும் கழட்டவே வுடல. ஒடம்பு வெறச்சிப்போயி வெரலு மடங்கிக்கிச்சு. அப்பிடியே தோப்புல பொதச்சிட்டோம்."

குக்கர் விசில் சத்தம் போனில் கேட்டது. ஒன்று. இரண்டு.

"அப்ப எனக்குப் போடறன்னு சொன்ன கொப்பு எதுங்கத்த?"

ருக்மணி குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அதேதான் கண்ணு" என்றாள். "நீ வழி வுட்டா போதும். அதுவா வந்துரும். அவளும் அதோட வந்து பாத்துட்டு, மனசு ஆறுனா போயிருவா. குச்சிய மட்டும் எடுத்துராத, வந்த வழி மூடிக்கும்."

வியாழன் வார விடுமுறை. அறையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கண்ணாடி முன் நின்று ஜெயப்ரியா ஈர்க்குக் குச்சியை உருவினாள். அவளுக்கு அழுகை வந்தது, பயத்தைவிட ஆத்திரத்தில். காதும் காதும் வைத்தாற்போல ஒரு குடும்பமே சேர்ந்து தன்னை ஏய்த்துவிட்டதே என்று. சிவராஜுக்கும் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பார்த்துக்கொண்டிருந்தது தன்னைத்தானா, இல்லை இந்தக் காதையா? அரை அங்குலமாக ஒடித்துச் செருகிய குச்சி விரல் நீளத்துக்கு வந்தது. நுனியில் ஈரம். முகர்ந்தாள். மழை பெய்த தோப்பு மண்ணின் வாசம். ஜன்னலுக்கு வெளியே விட்டெறிந்துவிட்டு, பஞ்சால் காதைத் துடைத்து, துளை தூர்ந்துபோகட்டும், கொப்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் கட்டி வற்றிவிட்டது. வெள்ளி விடிகாலை தொட்டுப் பார்த்தாள். கட்டி இல்லை, துளை இல்லை, வடுகூட இல்லை. பிறந்த குழந்தையின் காதைப் போல வழவழவென்று இருந்தது. நான்கு மாதமாக ஆறாதது ஒரே ராத்திரியில் எப்படி ஆறியது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. சிவராஜிடம் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கேட்டுவிடுவது, அவன் சொல்வதை வைத்து முடிவெடுப்பது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

பச்சைத் திரை. மரப்பலகை. கைகளை விரித்தாள்.

"ஆறிடுச்சுக்கா. பாருங்க."

அற்புதமேரி காதைப் பார்த்துத் தலையாட்டினாள். டிடெக்டரைத் தூக்கினாள்.

இடது காது. கத்தியது.

மூக்கு. கத்தியது.

கழுத்து. நெஞ்சு. வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வளையல் வளையலாக, விட்டு விட்டு. இடது மணிக்கட்டு. இடுப்பைச் சுற்றி ஒரே சீராக. அற்புதமேரியின் உதடுகள் ஜெபம் முணுமுணுத்தன, கை மட்டும் தன் பழக்கத்தில் கீழே இறங்கிக்கொண்டே போனது. திரைக்கு வெளியே வரிசையில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பாதம். வலது காலின் இரண்டாம் விரல். கத்தியது. இடது காலின் இரண்டாம் விரல். கத்தியது.

அற்புதமேரி மெல்லப் பின்னால் நகர்ந்தாள். டிடெக்டரை அணைத்தாள்.

சத்தம் நின்றது.

ஜெயப்ரியா கையை இறக்கப் பார்த்தாள். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. பிரியவில்லை. மூக்கில் மண் வாசம். நாக்கில் மண்.

அப்போதுதான் அதைக் கேட்டாள். இடது மேல்காதில். வழவழவென்று மூடிய தோலுக்குள்.

திருகாணியை யாரோ உள்ளேயிருந்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிதானமாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.